மிதிவண்டியேறி வந்த மணியக்காவுக்கு மருந்தகத்தார் வாசித்தளிக்கும் மடல்

அளந்து கொடுத்த மருந்தோடு அளக்காத அன்பையும் சேர்த்துக் கொடுத்த அம்மையே! கோழி கிளறிய மண்போலக் கிடக்கும் மருந்துச் சீட்டின் எழுத்தையும் கண்ட கணத்தில் படித்துச் சொன்ன கண்ணொளியே! சன்னலுக்கு அப்பால் சலித்து நிற்போர் சினந்து பேசினும் சிரித்த முகம் மாறாத செம்மலே! எங்கள் மருத்துவமனை மருந்தகத்தின் தலைமை மருந்தாளுநராய்த் தலைநிமிர்ந்து பணியாற்றி, இன்று நிறைந்த மனத்தோடு பணி நிறைவு பெறும் எங்கள் மணியக்காவே! வணக்கம், வணக்கம், பலகோடி வணக்கம்!

மணி என்பது தங்களைப் பெற்றவர்கள் வைத்த பெயரன்று. மருத்துவமனையின் பெரிய வாயிலுக்குள் மிதிவண்டியைத் திருப்பும்போதே 'கிணிங் கிணிங்' என்று தாங்கள் மணியடிப்பதைக் கேட்டு, வரிசையில் நிற்கும் நோயாளிகள், "மணியக்கா வந்தாச்சு, இனிமே வரிசை நகரும்" என்பார்கள். அவர்கள் வைத்த பெயரையே நாங்களும் வைத்துக்கொண்டோம். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லித் தொலைபேசியில் யாராவது கேட்டால், "அப்படி இங்க யாரும் இல்லீங்களே" என்று எங்கள் கணக்கர் வைத்துவிட்டதும் உண்டு.

எழுத்தறியாதவர்க்குக் காலை மாத்திரையின் உறையில் கதிரவனையும் இரவு மாத்திரையின் உறையில் பிறையையும் வரைந்து கொடுத்த கருணைக் கையே! "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள் என்று அறிந்து, "நீங்க எனக்கு ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துத் திருத்தி அனுப்பிய திறமே! இவற்றையெல்லாம் விரித்துரைக்க இன்று மேடையில் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். மருந்தகத்தாராகிய நாங்கள் எங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே சொல்ல விரும்புகிறோம். அது தங்கள் மிதிவண்டியின் கதை.

காரின் முன்னிருக்கையில் கம்பீரமாய் வந்திறங்கிய காலத்துத் தலைவியே! தாங்கள் மிதிவண்டி ஏறாத ஒரு காலமும் இருந்தது என்று இங்கே புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தங்கள் கணவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். பேருந்து ஓட்டுநர். அவர் கையில் வண்டி இருந்தால் மடியில் வைத்த தண்ணீர்க் குவளை தளும்பாது என்று ஊரே சொல்லும். பகலெல்லாம் ஊரைச் சுமந்து ஓட்டிவிட்டு, மாலையில் வீட்டுக் காரை எடுத்துத் தங்களைச் சுமந்து ஓட்டினார். தையற்கடைக்குக் கார். மூக்குக் கண்ணாடியின் திருகாணி கழன்றால் கார். அடுத்த தெருவில் பால் வாங்கவும் கார். கடைக்குள் நின்ற நேரம் கொஞ்சம். காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிய நேரமே மிச்சம். ஒருநாள் மாமா எங்கள் முன்னாலேயே சொன்னார்:

"நாள் பூரா ஊரை ஓட்டிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா ஒரு பால் பாக்கெட்டை வேற நான் ஏத்தி இறக்கணுமா? அதுக்கும் டிக்கெட் போடட்டுமா?"

தாங்கள் சிரித்தீர்கள். மறுநாளும் காரில்தான் பால் வந்தது.

பிறகுதான் அந்தக் காலைப்பொழுது வந்தது. பேருந்து நிறைய ஆட்கள். வழியில் மாமாவுக்கு நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்திருக்கிறது. அவர் கத்தவில்லை. வண்டியைச் சாலையோரம் ஒதுக்கினார், கைப்பிரேக்கைப் போட்டார், இயந்திரத்தை நிறுத்தினார். "எல்லாரும் மெதுவா இறங்கிக்கங்க, பின்னாடி வர்ற வண்டியில ஏத்தி விடச் சொல்றேன்" என்று பயணிகளிடம் சொல்லிவிட்டு, கடைசி ஆள் இறங்கிய பிறகே படியில் உட்கார்ந்து சாய்ந்தார். அவரைத் தூக்கிவந்தது நம் மருத்துவமனைக்குத்தான். அவசரப் பிரிவிலிருந்து மருந்துச் சீட்டு வந்தது. தாங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். கொடுத்த பிறகுதான் சீட்டின் தலைப்பில் இருந்த பெயரைப் படித்தீர்கள். சன்னலை எங்களிடம் விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினீர்கள். மருந்து அதற்குள் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

மாமா பிழைத்தார். இதய மருத்துவர் சொன்னது இதுதான்: "பெரிய வண்டி இனி வேண்டாம். சின்ன வண்டியும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நடங்க. உடம்பு தேறினதும் மெல்லச் சைக்கிள்கூட மிதிக்கலாம்."

நடக்கச் சொன்ன மனிதர் நாற்காலியை விட்டு எழவில்லை. பணிமனையில் மேசை வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூடப் பணிபுரிந்தவர்கள் பார்க்க வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னார். அந்நாட்களில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தாங்கள் எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பேச மாட்டேங்கறார்டி. சாயங்காலம் ஆனா வாசல்ல நிக்கற கார்ல போய் உக்காந்துக்கறார். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கார். சாவி வீட்டுக்குள்ள இருக்கு."

கட்டுப்போடும் அறையிலிருந்து வந்து எங்களோடு சாப்பிடும் அண்ணன்தான், "நீங்க கார் ஓட்டக் கத்துக்கிட்டா என்னக்கா? அவரையே சொல்லித் தரச் சொல்லுங்க. அவருக்கும் ஒரு வேலை ஆச்சு" என்றார். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னோம். அதற்காக இன்று இச்சபையின் முன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

பாடம் வாசலோடு முடிந்தது. "கிளட்சை விடு. மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா! அது பிரேக் இல்ல!" என்று மாமா கத்த, கார் துள்ளிப் போய் வாயில் தூணை முட்ட, மாமா நெஞ்சில் கையை வைக்க, தாங்கள் இறங்கிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "இது உங்க நெஞ்சுக்கும் ஆகாது, என் நெஞ்சுக்கும் ஆகாது" என்று உள்ளே போய்விட்டீர்கள்.

ஆனால் பால் வாங்க வேண்டும். காய்கறி வாங்க வேண்டும். மாமாவின் மருந்து தீருமுன் வாங்க வேண்டும். வேலைக்கும் வர வேண்டும். கூப்பிட்ட நேரத்தில் ஆட்டோ வராது; வந்த பேருந்தில் கால் வைக்க இடமிராது. அப்போதுதான் வீட்டின் பின்புறம் பழஞ்சாக்குகளுக்கு அடியில் கிடந்த மிதிவண்டி தங்கள் கண்ணில் பட்டது. கல்லூரி நாட்களில் தங்கள் மகள் ஓட்டியது. மகள் திருமணமாகித் தொலைதூரம் போய்விட்டார். அவர் விட்டுப்போன மிதிவண்டியின் இரண்டு சக்கரமும் காற்றிறங்கிச் சப்பிப் போயிருந்தன. தங்களுக்கோ வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது; வாழ்நாளில் ஒருமுறையும் மிதிவண்டியில் ஏறியதில்லை.

அஞ்சுவது அஞ்சியபின் அடியெடுத்து வைத்த ஆற்றலே! மருத்துவமனையின் பின்னால், சலவைப் பிரிவின் போர்வைகள் காயும் மைதானத்தில், காற்றடைத்துத் தள்ளிக்கொண்டு வந்த அந்த மிதிவண்டியில் தாங்கள் பழகிய காட்சியை நினைத்தால் எங்களுக்கு இன்றும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. வாயிற்காவலர் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். தாங்கள் "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போவீர்கள். அவர் எப்போதோ விட்டிருப்பார். ஒருநாள் அது தெரிந்து திரும்பிப் பார்த்தீர்கள். அவ்வளவுதான், பிரசவப் பிரிவின் ஈரப் போர்வைகளுக்குள் புகுந்து, கொடியோடு சேர்ந்து விழுந்து, வெள்ளை மூட்டையாய் எழுந்தீர்கள். சலவைக்காரம்மா ஓடிவந்தார், தங்களைத் தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம்.

"அக்கா, இப்பத்தானே அலசிப் போட்டேன்! போர்வைக்கு அடி கிடி படலையே?"

முழங்கை சிராய்த்து இரத்தம் வந்தது. கட்டுப்போடும் அறை அண்ணனே மருந்து வைத்தார். "போதும்க்கா, இந்த வயசுல எதுக்கு?" என்று நாங்கள் கேட்டோம். தாங்கள் கையை நீட்டியபடியே, "வீட்டுல ஒருத்தர் உக்காந்துட்டார். நானும் உக்காந்துட்டா யாரு எழுந்திரிக்கிறது?" என்றீர்கள். அதன்பிறகு நாங்களும் மாறி மாறிப் பின்னிருக்கையைப் பிடித்தோம்.

முதன்முதலாய்த் தனியே போனது தையற்கடைக்கு. போகும்போது இறங்கி இறங்கித் தள்ளிக்கொண்டு போனதாயும், வரும்போது ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டு வந்ததாயும் சொன்னீர்கள். தையற்காரர் கடையை விட்டுத் தெருவுக்கு வந்து பார்த்துவிட்டு, "கார் எங்கம்மா?" என்று கேட்டாராம். "கார் ஓய்வெடுக்குது. நான் கிளம்பிட்டேன்" என்றீர்களாம்.

அன்று தொடங்கிய ஓட்டம் அதன்பிறகு நிற்கவில்லை. கடை வாசலிலேயே இறங்கி, வாங்க வேண்டியதை வாங்கி, முன் கூடையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். நிறுத்த இடம் தேடும் தலைவலி போயிற்று. நெரிசலில் மற்றவர்கள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு நிற்கையில், தாங்கள் சந்துக்குள் புகுந்து வீட்டுக்குப் போய் உலையே வைத்திருப்பீர்கள். மாடிக் கிடங்குக்குப் படியேறும்போது முனகிக்கொண்டே ஏறிய தாங்கள், மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபடியே ஏறத் தொடங்கினீர்கள். முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டதற்கு, "முன்னாடி படியைப் பார்த்தாலே பேசும். இப்ப வாயைத் திறக்கறதில்ல" என்றீர்கள். இரவில் படுத்தால் தூக்கம் வருகிறது என்றீர்கள். வேலையின் எரிச்சல் வீடு போய்ச் சேருமுன் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது என்றீர்கள். நாங்கள் அதை நம்பினோம். காலையில் தாங்கள் வரும் முகத்தை நாங்கள்தானே பார்த்தோம்.

மழை கொட்டினால் பேருந்தில் வந்தீர்கள். அரிசி மூட்டை என்றால் ஆட்டோவைக் கூப்பிட்டீர்கள். தாங்கள் பிடித்தது உறுதி; பிடிவாதமன்று. எங்களில் யாரையும் மிதிவண்டி ஓட்டச் சொல்லித் தாங்கள் வற்புறுத்தியதில்லை. ஆய்வகத்துத் தங்கை ஒருமுறை தானாகவே கேட்டபோது, "உன் வீடு தூரம். உனக்குப் பஸ்தான் சரி. ஆனா தெருமுனைக் கடைக்குப் போக எதுக்குடி ஸ்கூட்டரை உதைக்கிறே?" என்றீர்கள். இன்று அவர் வீட்டு வாசலிலும் ஒரு மிதிவண்டி நிற்கிறது.

வீதியையே மருந்தகத்தின் விரிவாய் ஆக்கிய வித்தகியே! காரில் போனவரை யாரும் கைகாட்டி நிறுத்தியதில்லை. மிதிவண்டியில் போகத் தொடங்கியதும் தெருவே நிறுத்தியது. "அக்கா, இந்தச் சிவப்பு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். தாங்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பதில் சொன்னீர்கள். அப்படிப் போன ஒரு மாலையில்தான், மாதந்தோறும் மருந்து வாங்க வந்துகொண்டிருந்த காலணி தைக்கும் பெரியவர் தம் வீட்டுப் படியில் மூச்சிரைக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தீர்கள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. "நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரையை விட்டுட்டேன்மா" என்றார். அங்கேயே மிதிவண்டியைச் சாத்தி வைத்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்தீர்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கடினம் என்று மருத்துவர் சொன்னார். அந்தத் தெருவில் தாங்கள் காரில் எத்தனையோ முறை போயிருக்கிறீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகும் வேகத்தில் வாசற்படியில் யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெரியவர் இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

எல்லாம் சரி, மாமா?

ஒவ்வொரு மாலையும் தாங்கள், "கடைப்பக்கம் போறேன், வர்றீங்களா?" என்று கேட்பீர்கள். "பஸ் ஸ்டியரிங் பிடிச்ச கையால சைக்கிள் ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்றியா? ஊரு சிரிக்கும்" என்பார். தாங்கள் தனியே மிதித்துப் போய்விடுவீர்கள். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்பீர்கள்.

இனி நாங்கள் சொல்லப்போவது எங்கள் கண்ணால் கண்டது. ஒரு நண்பகல். வெளியே வெயில், உள்ளே நீண்ட வரிசை. அன்று தாங்கள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். வாயில் பக்கம் பார்த்த கணக்கர், "ஐயோ, அங்க பாருங்க" என்றார். பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவியின் ஊதா நிற மிதிவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் பட்டுநூல் குஞ்சம். இருக்கையில் மாமா. முழங்கால் இரண்டும் கைப்பிடியைத் தொட, முதுகு மட்டும் பேருந்தின் இருக்கையில் அமர்ந்ததுபோல நிமிர்ந்திருக்க, முகத்தில் சிரிப்பு ஒரு சொட்டும் இல்லாமல் வந்தார். மிதிவண்டி நிறுத்தத்தில் கோட்டுக்குள் இம்மி பிசகாமல் நிறுத்தினார். இறங்கினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நேரே உள்ளே வந்திருக்கலாம். நாங்கள் கதவைத் திறந்தே வைத்தோம். அவர் வரவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஒவ்வொருவராய் நகர நகர, அவரும் நகர்ந்தார். நாங்கள் யாரும் தங்களிடம் சொல்லவில்லை. அவர் முறை வந்தது. தாங்கள் தலை நிமிராமலே கையை நீட்டி, "சீட்டு?" என்றீர்கள்.

"சீட்டு இல்ல. சாப்பாடு."

தாங்கள் நிமிர்ந்தீர்கள். சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தீர்கள், மாமாவைப் பார்த்தீர்கள், அவருக்குப் பின்னால் தெரிந்த ஊதா மிதிவண்டியைப் பார்த்தீர்கள். பிறகு சட்டென்று திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காய் இருந்த மருந்துப் புட்டிகளை மறுபடி ஒழுங்குபடுத்தினீர்கள். வரிசை பொறுமையாய் நின்றது. சற்றுக் கழித்துத் திரும்பி, "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டீர்கள். "குடிக்கல" என்றார். "உள்ள வாங்க."

அன்று அந்த டப்பாவை உண்மையிலேயே மறந்தீர்களா, வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தீர்களா என்று பலமுறை கேட்டுவிட்டோம். "மறந்துதான் போச்சு" என்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

அதன்பின் அவ்வீட்டில் இரண்டு மிதிவண்டிகள். பாலும் காய்கறியும் மாமாவின் பொறுப்பு. தாங்கள் முன்னே போக, அவர் பின்னே வந்து, "கையைக் காட்டித் திரும்பு! முன்னாடி பள்ளம்! பிரேக்கைப் பிடி!" என்று தெரு முழுதும் கேட்கச் சொல்லிக்கொண்டு வருவார். "எப்படிக்கா பொறுத்துக்கறீங்க?" என்றால், "பேசட்டும்டி. பேசாம இருந்ததையும்தான் பார்த்தாச்சே" என்றீர்கள். கார் இப்போது மகளிடம் இருக்கிறது. கைக்குழந்தைகளோடு தொலைவில் இருக்கும் அவருக்கு அது வேண்டியிருக்கிறது, தங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மாமா பழைய பணிமனைக்கும் போய்வரத் தொடங்கினார். இப்போது புதிதாய்ச் சேரும் ஓட்டுநர்களுக்கு அங்கே பயிற்சி தருகிறார். முதல் வகுப்பில் அவர் சொல்வதை நடத்துநர் ஒருவர் எங்களுக்கு நடித்தே காட்டினார். "கண்ணாடியில பாரு. ஓரமா ஒரு பொம்பள சைக்கிள்ல வர்றா, தெரியுதா? அது என் பொண்டாட்டின்னு நினைச்சு ஓட்டு." தங்களை அறியாத எத்தனை பெண்கள் இன்று அந்தச் சொல்லின் காவலில் சாலையோரம் அச்சமின்றிப் போகிறார்களோ, நாமறியோம்.

குணக்குன்றே! இனி விடை தரும் வேளை. ஓய்வு பெறுவோரை மருத்துவமனைக் காரில் வீடு சேர்ப்பது இங்கே வழமை. கண்காணிப்பாளர் கார் ஏற்பாடு செய்யச் சொன்னார். தாங்கள், "கார் எதுக்கு? என் சைக்கிளை அப்புறம் யாரு ஓட்டிட்டு வர்றது?" என்று கேட்டுவிட்டீர்கள். எனவே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டோம்.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. இம்மடலைச் சுவரில் மாட்டுவதற்கேற்பப் பெரிதாய்ச் சட்டமிடச் சொல்லியிருந்தோம். நேற்று மாமா கையில் அளவு நாடாவோடு சட்டம் போடும் கடைக்குப் போய் நின்றிருக்கிறார். "இவ்வளவு பெருசா? இது சைக்கிள் கேரியர்ல நிக்கணும். கட்டினா கயிறு கண்ணாடி நடுவுல அழுத்தக் கூடாது. குறைங்க" என்றிருக்கிறார். கடைக்காரர் எங்களை அழைத்தார். நாங்கள் உட்கார்ந்து குறைத்தோம். தங்கள் கதையில் கைவைக்க மனம் வரவில்லை. ஆகவே 'நிலவே, நித்திலமே' என்று ஆசையாய்ச் சேர்த்து வைத்திருந்த அடைமொழிகள் பலவும் இருக்க இடமின்றி வழியிலேயே இறங்கிக்கொண்டன. மிஞ்சியதையும் பொடி எழுத்தில் அடித்திருக்கிறோம். வீட்டில் இதைப் படிக்கக் கண்ணாடியைத் தேட நேர்ந்தால், குறை எங்களுடையதன்று, கேரியருடையது.

தங்கள் உடல் நலம் குன்றாதிருக்க! தங்கள் உள்ளம் இன்றுபோல் என்றும் நிறைந்திருக்க! மகள் வீட்டுப் பேரப்பிள்ளைகளை மிதிவண்டியின் முன்னே அமர்த்தித் தெருத்தெருவாய்ச் சுற்றும் நாட்கள் நீள்க! இணைபிரியா இருவரும் நூறாண்டு கடந்தும் நோயற்று வாழ்க!

கைதட்டல் ஓய்ந்ததும் வெளியே வாருங்கள் அக்கா. மாமா கயிற்றோடு வாசலில் நிற்கிறார்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
மருந்தகப் பணியாளர்கள்,
உடன் கையொப்பமிட வேண்டுமென்று கேட்டு வாங்கிய கட்டுப்போடும் அறையார், வாயிற்காவலர் மற்றும் சலவைக்காரம்மா.